மூன்று சங்கமும் ஒரு கீரைக்கூடையும்

அன்புள்ள சீனு,

உன் கேள்விக்கு நான் சொல்லக்கூடியவை ஆறு விஷயங்கள். எழுதிக்கொண்டே போனால் வழி தவறிவிடுவேன் என்ற பயத்தில் அவற்றை முதலிலேயே வரிசையாகப் போட்டுவிடுகிறேன்.

1. சேர வேண்டியவர்களுக்குக் கடிதம் போடாதே. நேரில் போ.
2. கூட்டத்துக்கு ஒருவர் வரவில்லையென்றால், அதைக் குறிப்பேட்டில் எழுதுவதற்கு முன் காரணத்தைக் கேள்.
3. எல்லாரும் சேர்ந்து கேட்பது ஒன்றே ஒன்றாக இருக்கட்டும்.
4. ஆளுக்கு ஒரே அளவு கொடுத்துவிட்டால் நியாயம் செய்துவிட்டதாக நினைக்காதே.
5. ஒரு சங்கத்தின் கையெழுத்து குறைந்தாலும் மனுவைக் கொடுக்காதே.
6. காரியம் முடிந்ததும் கூட்டுக்குழுவை முறைப்படி கலைத்துவிடு.

இவ்வளவையும் எழுதி உன் அம்மாவிடம் காட்டினேன். “இது பிள்ளைக்குக் கடிதமா, ஆபீஸ் ஆர்டரா?” என்று கேட்டுவிட்டு அரிசி களையப் போய்விட்டாள். அவள் கேட்டது நியாயம்தான். ஆனால் எனக்கு வேறு விதமாக எழுதத் தெரியாது. முப்பது வருஷம் டிராயிங் ஆபீசில் உட்கார்ந்தவன், கோடு போடாமல் ஒரு வார்த்தைகூட எழுதமாட்டான்.

உன் கடிதத்தைப் படித்தபோது முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த இரும்பாலை ஊரில் உன்னைத் தமிழ்ச் சங்கத்துக்குச் செயலாளராகப் போட்டுவிட்டார்களாம். நீயோ வீட்டில் தெலுங்கு பேசி வளர்ந்தவன். ஆற்காட்டுப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் தமிழும் ஆங்கிலமும் படித்து, தெலுங்கில் என் பெயரைக்கூட ஒழுங்காக எழுத வராத நான், இங்கே நெய்வேலியில் தெலுங்கர் சங்கத்துக்குச் செயலாளராக இருந்தேன். என் கையெழுத்து அழகாக இருக்கும், வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தைரியம் இருக்காது. இந்த இரண்டு தகுதிகளைத் தவிர வேறு எதுவும் என்னிடம் இல்லை. உனக்கு அதைவிடக் கூடுதலாக ஏதாவது இருக்கும் என்று நம்புகிறேன்.

ரேஷனில் கோதுமையைக் குறைத்து அரிசி கேட்க வேண்டும், அதற்குத் தமிழ்ச் சங்கமும் மலையாளிகள் சங்கமும் தெலுங்கர் சங்கமும் சேர வேண்டும், ஆனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை என்று எழுதியிருக்கிறாய். “நீங்கள் அந்தக் காலத்தில் சந்தைக்கு அனுமதி வாங்கினீர்களே, எப்படிச் செய்தீர்கள்?” என்று கேட்டிருக்கிறாய். நான் வாங்கவில்லை, சீனு. நான் அதைக் கிட்டத்தட்டக் கெடுத்தேன். அதைத்தான் உனக்குச் சொல்லப்போகிறேன். உன் சங்கத்தாருக்குப் படித்துக் காட்டினாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. கூச்சம் மட்டும் உண்டு.

உனக்கு நினைவிருக்கும், நாம் வந்த புதிதில் குவார்ட்டர்ஸ் இருந்தது, ரோடு இருந்தது, ரோட்டுக்கு இரண்டு பக்கமும் உன் இடுப்பு உயரத்துக்கு மரக்கன்றுகள் இருந்தன. நிழல் மட்டும் இல்லை. எல்லா ஜில்லாவிலிருந்தும், பக்கத்து ராஜ்யங்களிலிருந்தும் ஆட்கள் வந்து இறங்கிக்கொண்டே இருந்தார்கள். கடை என்று சொல்ல ஒரே ஒரு வரிசை. அதில் சோப்பு கிடைக்கும், பிஸ்கோத்து கிடைக்கும், புளிச்சகீரை கிடைக்காது. நம் சங்கத்தில் எந்தக் கூட்டம் போட்டாலும், யுகாதியைப் பற்றித் தொடங்கி புளிச்சகீரையில்தான் முடியும். மலையாளிகள் சங்கத்தில் அதே அழுகை மரவள்ளிக்கிழங்குக்காக நடந்துகொண்டிருந்தது. அது எனக்கு அப்போது தெரியாது. அவர்கள் செயலாளர் குஞ்ஞப்பன் நமக்கு மூன்று வீடு தள்ளித்தான் இருந்தார், மெக்கானிக். அவருடைய குரல் நம் வீட்டுக்கு வரும். நான் அவர் வீட்டுக்குப் போனதில்லை.

எங்கள் சங்கம் ஆந்திரக் காய்கறிகளுக்கு ஒரு கடை வேண்டும் என்று மனு கொடுத்தது. பதில் வந்தது: கோரிக்கை கவனிக்கப்பட்டது, தற்சமயம் வாய்ப்பில்லை. நான் அதைப் பைலில் வைத்துவிட்டு, கடமை முடிந்தது என்று நிம்மதியாக இருந்தேன்.

அப்போதுதான் அஞ்சலை வந்தாள். சுரங்கத்துக்காக எடுத்த ஊர்களில் ஒன்றிலிருந்து வடக்குத்து கிராமத்துப் பக்கம் வந்து குடிசை போட்டவர்கள் அவர்கள். நிலம் இருந்தவர்கள் அல்ல, மற்றவர் நிலத்தில் நாற்று நட்டுக் களை பறித்தவர்கள். வயல் போனதும் அந்தக் கூலியும் போயிற்று. அவள் புருஷன் கோவிந்தசாமிக்குச் சுரங்கத்தில் காண்ட்ராக்ட் வேலை, மாதத்தில் பாதி நாள் இருக்கும். குடிசைக்குப் பின்னால் இருந்த துண்டு நிலத்தில் கீரையும் கிழங்கும் போட்டு, அஞ்சலை கூடையில் எடுத்துக்கொண்டு நம் பிளாக்குக்குப் பின்பக்க வழியாக வருவாள். குவார்ட்டர்ஸ் பகுதியில் கூடைக்காரர்கள் வரக்கூடாது என்பது விதி. திருட்டுப் பயம். வாட்ச்மேன் பார்த்துவிட்டால் கூடையை வாங்கிச் சாயந்திரம் வரை வைத்துவிட்டுத் திருப்பித் தருவார். அவரும் கெட்டவர் அல்ல. ஆனால் கீரை சாயந்திரம் வரை காத்திருக்குமா?

ஒரு நாள் அவள் கூடைக்கு அடியிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து உன் அம்மாவிடம் நீட்டினாள்.

“எங்க ஊர்க்காரங்க சங்கத்துக்கு வந்திருக்குதுங்கம்மா. இங்கிலீசுல இருக்குது. சாரு கொஞ்சம் படிச்சி சொல்லுவாங்களா?”

குடியிருப்புக்குள் கூடை விற்க அனுமதி கேட்டு, வடலூரில் ஒருவரைப் பிடித்து மனு எழுதி அனுப்பியிருக்கிறார்கள். பதிலை வாங்கிப் படித்தேன். எனக்கு வந்த அதே கடிதம். அதே வாக்கியம், அதே இடத்தில் காற்புள்ளி, அதே டைப்ரைட்டரின் உடைந்த எழுத்து. மேலே முகவரி மட்டும் வேறு.

“என்னாங்க போட்டிருக்குது?”

“முடியாதாம்.”

“இத சொல்றதுக்கா இம்மாம் எழுத்து?” என்றாள் அஞ்சலை.

உன் அம்மா என்னைப் பார்த்துத் தெலுங்கில் சொன்னாள்: “மூன்று வீடு தள்ளி ஒருவர் காலையிலிருந்து ஏதோ ஒரு கடிதத்தைத் திட்டிக்கொண்டிருக்கிறார். அதுவும் இதுவாகத்தான் இருக்கும். போய்ப் பாருங்கள்.”

நான் போகவில்லை. உட்கார்ந்து அவருக்குக் கடிதம் எழுதினேன். பொருள் என்று போட்டு, பார்வை என்று போட்டு, தங்கள் சங்கத்துக்கும் எங்கள் சங்கத்துக்கும் இடையே கருத்துப் பரிமாற்றம் செய்துகொள்வது குறித்து என்று எழுதி, தபால் பெட்டியில் போட்டேன். அது எங்கெங்கோ முத்திரை வாங்கிக்கொண்டு இரண்டு நாள் கழித்து மூன்று வீடு தள்ளிப் போய்ச் சேர்ந்தது. அன்று சாயந்திரம் நம் வாசலில் இடி மாதிரி ஒரு குரல்.

“சாரே! மூணு வீடு தள்ளி இருக்கற ஆளுக்கு தபாலா? ஞான் என்ன கல்கத்தாவிலா இருக்கேன்?”

கையில் அவருக்கு வந்த பதில் கடிதமும் இருந்தது. அதே உடைந்த எழுத்து. அஞ்சலை விட்டுப்போனதையும் சேர்த்து மூன்றையும் நம் கூடத்து மேசையில் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்துக் குஞ்ஞப்பன் சிரித்த சிரிப்பில், பள்ளிக்கூடத்துப் பாடம் படித்துக்கொண்டிருந்த நீ எழுந்து வந்து பார்த்தாய். “நம்ம மூணு பேரையும் அவங்க ஏற்கெனவே ஒண்ணா சேர்த்தாச்சு சாரே. நமக்குத்தான் தெரியல” என்றார். முதல் விஷயம் இவ்வளவுதான். நான் தபால் செலவு செய்து கற்றுக்கொண்டதை நீ செருப்பை மாட்டிக்கொண்டு போய்க் கற்றுக்கொள்.

இரண்டாவது விஷயம் எனக்குக் கொஞ்சம் சங்கடமானது. மூன்று சங்கமும் கூடிப் பேசுவது என்று முடிவானதும், ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி, நம் சங்க அறை என்று நான் நாள் குறித்தேன். ஊர்க்காரர் சங்கத்தின் சார்பில் வர வேண்டிய கோவிந்தசாமி வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. மூன்று தடவையும் குறிப்பேட்டில் ‘ஊர்க்காரர் சங்கம் வரவில்லை’ என்று சிவப்பு மையில் எழுதினேன். மூன்றாவது தடவை ‘அக்கறை இல்லை போலும்’ என்று ஒரு வரி சேர்த்தேன். அந்த வரியை நினைத்தால் இன்றும் காது சூடாகிறது.

உன் அம்மாதான் அஞ்சலையிடம் கேட்டாள். அவள் கீரைக்கட்டை உதறிக்கொண்டே சொன்னாள்:

“ஞாயித்துக்கெழம அவருக்கு மொத ஷிப்டுங்கம்மா. ரெண்டு மணிக்குத்தான் வுடுவாங்க. ஆபீசு சாருங்களுக்குத்தான ஞாயிறு வரும், காண்ட்ராக்டு ஆளுக்கு ஏது?”

“சொல்லி அனுப்பியிருக்கலாமே, அஞ்சலை.”

“சொன்னா என்னா ஆவும்? வந்தா மட்டும் எங்க உக்கார்றது? அங்க நாற்காலி போட்டிருக்குதாம். எங்காளுங்க நின்னுகினே இருக்கணும். எட்டு மணி நேரம் சொரங்கத்துல நின்னுட்டு, இங்க வந்தும் நிக்கணுமா?”

சுவருக்கு இந்தப் பக்கம் நான் இதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த நாற்காலிகளை வரிசையாகப் போட்டவன் நான். யார் உட்காருவார்கள், யார் நிற்பார்கள் என்று யோசிக்கவே இல்லை. நின்றால் நாங்கள் ஒன்றும் சொல்லியிருக்கமாட்டோம் என்பதுதான் அதில் மோசம்.

ஆகவே அடுத்த ஞாயிறு, முதல் ஷிப்ட் விட்ட பிறகு, நானும் குஞ்ஞப்பனும் சைக்கிளில் வடக்குத்துப் பக்கம் அவர்கள் குடிசைக்கே போனோம். கோவிந்தசாமி அப்போதுதான் குளித்துவிட்டு ஈரத் தலையோடு இருந்தார். பாய் விரித்தார்கள். எல்லாரும் அதில்தான் உட்கார்ந்தோம். அஞ்சலை இரண்டு செம்பில் மோர் கொண்டு வந்து வைத்தாள். குஞ்ஞப்பன் ஒரே மூச்சில் குடித்துவிட்டு இன்னொன்று கேட்டார். நான், “இப்போதுதான் வீட்டில் குடித்துவிட்டு வந்தேன்” என்றேன்.

அது பொய், சீனு. நாக்கு வறண்டு போயிருந்தது. இத்தனை படித்தும், என் அப்பா வீட்டில் யார் யார் கையால் தண்ணீர் வாங்கலாம் என்று எனக்குச் சொல்லித் தந்திருந்தது எனக்கு முன்னால் போய்ப் பாயில் உட்கார்ந்துகொண்டது. கோவிந்தசாமி என் முகத்தைப் பார்த்தார். செம்பை எடுத்துப் பக்கத்தில் வைத்துவிட்டு, “சரி, பேசுவம்” என்றார். இதை நான் உன் அம்மாவிடம்கூட இதுவரை சொன்னதில்லை. இப்போது அவள் படிக்கப்போகிறாள், படிக்கட்டும்.

நான் மூன்று சங்கங்களின் கோரிக்கைகளையும் ஒரு நீளத் தாளில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். எங்களுக்கு ஒரு கடை, அவர்களுக்கு ஒரு கடை, கூடைக்கு அனுமதி, நூலகத்தில் தெலுங்குப் பத்திரிகை, ஓணத்துக்கு விடுமுறை, இப்படிப் போய்க்கொண்டே இருந்தது. படித்து முடித்தேன். உள்ளே அடுப்படியிலிருந்து அஞ்சலையின் குரல் வந்தது.

“கடய ஏன் கேக்குறீங்க? கடன்னா செவுரு வேணும், பூட்டு வேணும், ஆளு வேணும். எடத்த கேளுங்க. வாரத்துல ஒரு நாளு ஒரு பொட்டலு வுட்டா போதும். நாங்க கூடய எறக்கி வெச்சிகினு உக்காந்துக்குவம். ஒங்களுக்கு வேண்டிய புளிச்சகீரயும் இவரு கேக்கற கெழங்கும் எங்க கொல்லைலதான மொளைக்கிது?”

குஞ்ஞப்பன் தொடையில் தட்டினார். “சாரே, அந்தத் தாளை மடக்குங்க.”

மடக்கினேன். வாரச் சந்தை. ஒரே கோரிக்கை. உன் அரிசி விஷயத்திலும் இதையே சொல்வேன். அரிசியோடு தமிழ் சினிமா, தமிழ்ப் பள்ளி என்று எதையும் கட்டாதே. இன்னொன்றும் தோன்றுகிறது. உங்கள் ஊரில் வங்காளிகள் நிறைய இருப்பதாக முன்பு எழுதியிருந்தாய். அவர்களும் அரிசிச்சோறுதானே சாப்பிடுகிறார்கள்? அவர்கள் சங்கத்திடம் யாராவது கேட்டீர்களா? தெற்கத்திக்காரர்கள் மட்டும் என்று ஏன் வட்டம் போட்டாய்? வட்டம் போடுவது என் வியாதி. உனக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டதோ என்று பயமாக இருக்கிறது.

நாலாவது விஷயம்தான் இந்தக் கதையின் நடுவில் இருக்கிறது. மனுவோடு ஒரு வரைபடம் வைத்தால் நன்றாக இருக்கும் என்றேன். அது என் தொழில். ஒரு வாரம், வேலை முடிந்து வந்து, குடியிருப்பு ஓரத்தில் நாங்கள் கேட்க நினைத்த பொட்டலை அளவெடுத்து, ட்ரேசிங் துணியில் வரைந்தேன். நுழைவாயில், சைக்கிள் நிறுத்துமிடம், தண்ணீர்க்குழாய், எல்லாம். மையப்பகுதியை மூன்று சமமான பாத்திகளாகப் பிரித்தேன். ஓர் அங்குலம் கூடாமல் குறையாமல். ஒன்றில் ‘தெலுங்கர் சங்கம்’, ஒன்றில் ‘மலையாளிகள் சங்கம்’, ஒன்றில் ‘ஊர்க்காரர் சங்கம்’ என்று அழகாக எழுதினேன். இதைவிட நியாயமாக ஒரு மனிதன் கோடு போட முடியாது என்று எனக்குப் பெருமை. அதை எடுத்துக்கொண்டு போய் அந்தப் பாயில் விரித்தேன். இந்தத் தடவை அஞ்சலையும் வந்து குந்தி உட்கார்ந்து பார்த்தாள்.

“இது என்னாங்க, மூணு பாத்தி?”

“ஒவ்வொரு சங்கத்துக்கும் ஒரு பாத்தி. சரிசமம்.”

“இதுல எங்களுது எது?”

காட்டினேன்.

“அப்ப இந்த ரெண்டுலயும் நீங்க என்னா விப்பீங்க?”

நான் மற்ற இரண்டு பாத்திகளையும் பார்த்தேன். “நாங்கள்... விற்பதற்கு ஒன்றும் இல்லை” என்றேன்.

“பின்ன எதுக்கு எடம்? நாங்க விக்கிறத உக்காந்து பாத்துகினு இருக்கவா?”

கோவிந்தசாமி அன்று சிரித்ததுதான் நான் முதலில் பார்த்த அவருடைய சிரிப்பு. குஞ்ஞப்பன் பாயில் சாய்ந்தே விட்டார். “சாரே, என் பாத்தியில ஞான் ஒரு ஈசிசேர் போட்டுக்கறேன்!” நானும் சிரித்தேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் எனக்கு அழுகை வரும்போல இருந்தது. விற்கிறவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கு, விற்காதவர்களுக்கு மூன்றில் இரண்டு பங்கு. அதற்குச் சமம் என்று பெயர் வைத்து, அழகான எழுத்தில் எழுதியிருக்கிறேன்.

தமாஷ் அதோடு நின்றிருந்தால் நல்லது. நம் சங்கத் தலைவர், உனக்குத் தெரியும், அந்தப் பெரிய மீசைக்காரர், பாத்தியை எடுக்கக்கூடாது என்று நின்றார். “சங்கத்தின் பெயர் வரைபடத்தில் இல்லையென்றால் உறுப்பினர்களுக்கு என்ன பதில் சொல்வது? வேண்டுமானால் நாம் தனியாக மனு கொடுப்போம்” என்றார். நான் அவரிடம் எதிர்த்துப் பேசியதே கிடையாது. சரி என்று தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன். குடியிருப்பு அதிகாரியைப் பார்க்க வியாழக்கிழமை நேரம் கிடைத்திருந்தது. அன்று செவ்வாய்.

புதன்கிழமை மத்தியானம் அஞ்சலை காலிக் கூடையோடு நம் கொல்லைப்புறம் வந்தாள். காலையில் வாட்ச்மேன் பிடித்துவிட்டாராம்.

“கீர வதங்கிப்போச்சிங்கம்மா. வர்ற வழில மாட்டுக்குப் போட்டுட்டேன். இனிமே நான் வர மாட்டேன். பண்ருட்டி பக்கம் முந்திரித் தோப்புல வேல இருக்குதாம், குடும்பத்தோட கூப்புடறாங்க. சந்த வந்தா இருப்பம். வல்லன்னா போயிடுவம். அதான் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்.”

அவள் போனதும் உன் அம்மா சவர பிளேடு ஒன்றைப் புதிதாகப் பிரித்து, என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். ட்ரேசிங் துணியில் மையை அழிக்க வேண்டுமென்றால் பிளேடால்தான் சுரண்ட வேண்டும். நான் இரண்டு கோடுகளையும் மூன்று பெயர்களையும் சுரண்டினேன். முழுப் பொட்டலின் நடுவில் ‘கூடை வைப்போர்’ என்று மட்டும் எழுதினேன். பிறகு தலைவர் வீட்டுக்கு நடந்து போனேன். “சங்கத்தின் பெயர் வரைபடத்தில் வராது. மனுவின் கீழே கையெழுத்தில் வரும். புளிச்சகீரை ஞாயிற்றுக்கிழமை வரும்” என்றேன். வேறு வாதம் எதுவும் எனக்குத் தோன்றவில்லை. அவர் மனைவி உள்ளேயிருந்து, “கீரை வருமா? அப்படியானால் அவரைக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்” என்றார். அதோடு முடிந்தது. பெரிய மீசைகளுக்கும் வீட்டில் ஒரு மேலதிகாரி உண்டு.

வியாழக்கிழமை நான், குஞ்ஞப்பன், கோவிந்தசாமி, கூட அஞ்சலையும், நாலு பேரும் அதிகாரியின் அறைக்குப் போனோம். நிதானமான மனிதர். வரைபடத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். துணி சுரண்டிய இடத்தில் மெல்லிசாக இருந்தது.

“இங்கே என்ன இருந்தது?”

நான் பயத்தில் உண்மையைச் சொல்லிவிட்டேன். மூன்று பாத்தியையும், ஈசிசேரையும்கூட. அவர் சிரித்தார். பிறகு மனுவைப் புரட்டி, “உங்கள் இரண்டு பேர் கையெழுத்து போதும். நீங்கள் பர்மனென்ட். ஏதாவது நடந்தால் உங்களைக் கேட்கலாம். காண்ட்ராக்ட் ஆள் கையெழுத்து எனக்கு உதவாது. அதை விட்டுவிட்டுக் கொடுங்கள், இன்றைக்கே பார்க்கிறேன்” என்றார்.

குஞ்ஞப்பன் என்னைப் பார்த்தார். கோவிந்தசாமி தரையைப் பார்த்தார். பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டிருந்தால் சந்தை அப்போதே வந்திருக்கும். தைரியசாலி ஒருவன் அங்கே இருந்திருந்தால் ஏதாவது நல்ல வசனம் பேசியிருப்பான். எனக்கு வந்தது குறிப்பேடுதான். “சார், எங்கள் கூட்டுத் தீர்மானத்தில் மூன்று சங்கங்களின் கையெழுத்து என்று இருக்கிறது. இரண்டோடு கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லை” என்றேன். குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

“கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள்.”

மறுபடியும் சொன்னேன். சத்தமாகச் சொன்னபோது அது கிட்டத்தட்டத் தைரியம் மாதிரியே கேட்டது.

அதற்குள் அஞ்சலை மேசைக்கு வந்துவிட்டாள். “சாரு, அவரு காண்ட்ராக்டுதாங்க, இன்னிக்கி இருப்பாரு, நாளைக்கி நிறுத்திடுவாங்க. கூட என்னுது. விக்கிறது நானு. எதுனா ஆச்சின்னா என்னயத்தான புடிக்கணும்? நான் வெக்கிறேன் கைநாட்டு. என்னய யாரும் வேலய வுட்டு நிறுத்த முடியாது.”

அதிகாரி மைப்பெட்டியைத் திறந்து அவள் பக்கம் நகர்த்தினார். ஊர்க்காரர் சங்கத்துக்கு நேரே அஞ்சலையின் கட்டைவிரல் பதிந்தது. முதலில் அது. அதற்குக் கீழேதான் என் அழகான கையெழுத்து.

மூன்று மாதம் சோதனைக்கு என்று உத்தரவு வந்தது. முதல் ஞாயிறு உனக்கு நினைவிருக்கும், நீ புளிச்சகீரைப் பச்சடியை மூன்று வேளையும் சாப்பிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தாய். குஞ்ஞப்பன் கிழங்கு மூட்டையைச் சைக்கிளில் கட்ட முடியாமல் கட்டி, ரோடெல்லாம் உருட்டிக்கொண்டே போனார். அந்த மூன்று மாதம் இன்னும் முடியவில்லை.

ஆறாவது விஷயத்துக்கு வருகிறேன். சந்தை நிலைத்ததும், காரியம் முடிந்த குழு சும்மா இருந்தால் சண்டைதான் வளரும் என்று நினைத்து, குழு இன்றோடு கலைக்கப்படுகிறது என்று ஒரு தீர்மானம் எழுதி, பைலில் வைத்துக் கட்டினேன். நான் செய்த காரியங்களிலேயே ஒழுங்கானது அதுதான் என்று இன்று காலை வரை நினைத்திருந்தேன். ஆகவேதான் அதைப் பட்டியலில் சேர்த்தேன்.

இதை எழுதத் தொடங்கியது நேற்று சனிக்கிழமை. இன்று ஞாயிறு. மாதக் கடைசியோடு நான் ஓய்வு பெறுகிறேன், குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். எங்கே போவது என்று நேற்று வரை எனக்கும் உன் அம்மாவுக்கும் தெரியவில்லை. உனக்குக் கவலை வேண்டாம் என்று எழுதவில்லை. ஊரில் நமக்கு வீடு இல்லை என்பது உனக்குத் தெரியும். குறிஞ்சிப்பாடி, ஆற்காடு, உன் ஊர் என்று மூன்று பத்தி போட்டு, சாதகம் பாதகம் எழுதி வைத்திருந்தேன். எதையும் யாரிடமும் சொல்லவில்லை. இன்று காலை சந்தையில் அஞ்சலை கீரையைக் கட்டிக்கொண்டே, “வடக்குத்துல எங்க வூட்டுக்குப் பக்கத்துல ஓட்டு வூடு ஒண்ணு காலியா இருக்குது. பாத்து வெச்சிட்டம். கெணறு இருக்குது. குஞ்ஞப்பன் சாரு வந்து ஓடு மாத்தித் தர்றேன்னிருக்காரு. ஒண்ணாந்தேதி சாமானெடுக்க எங்காளு வண்டிக்குச் சொல்லிட்டாரு” என்றாள்.

“யாரைக் கேட்டு முடிவு செய்தீர்கள்?” என்று கேட்டுவிட்டேன். எனக்கு வேறு என்ன கேட்கத் தெரியும்?

“சங்கத்தக் கேட்டுத்தான்.”

“எந்தச் சங்கம்? கூட்டுக்குழுவைத்தான் கலைத்துவிட்டோமே. தீர்மானம் இருக்கிறது.”

“அந்தக் காயிதம் ஒங்கக்கிட்டதான இருக்குது? எங்ககிட்ட யாரும் சொல்லலியே” என்றாள். பக்கத்தில் கிழங்கு பொறுக்கிக்கொண்டிருந்த குஞ்ஞப்பன் தலையைத் தூக்காமலே, “எனக்கும் தபால் வரல சாரே” என்றார்.

மத்தியானம் உன் அம்மாவும் நானும் அந்த வீட்டைப் போய்ப் பார்த்தோம். நல்ல வீடு. வெயில் கடுமையாக இருந்தது. கோவிந்தசாமி தன் வீட்டிலிருந்து செம்பில் மோர் கொண்டு வந்து என் முன்னால் வைத்தார். ஒரே மூச்சில் குடித்துவிட்டு இன்னொன்று கேட்டேன். அவர் உள்ளே பார்த்து, “அஞ்சல, சாருக்கு இன்னொண்ணாம்” என்று கத்தினார். அந்தக் குரலைக் கேட்டிருந்தால், அவர் இத்தனை வருஷமும் அந்தப் பழைய செம்பை மறக்கவே இல்லை என்று உனக்கும் தெரிந்திருக்கும்.

ஆகவே, சீனு, ஆறாவது விஷயம் தவறு. கலைக்காதே. கலைத்தாலும் அது கலையாது, நீ மட்டும் வெளியே நிற்பாய். தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக ஐந்து விஷயங்களோடு எழுதலாமா என்று யோசித்தேன். வேண்டாம் என்று விட்டுவிட்டேன். நீயே பேனாவால் ஒரு கோடு இழுத்து அதை அடித்துவிடு. பிளேடால் சுரண்டாதே. உன் அப்பா எங்கே தப்பாகக் கோடு போட்டான் என்பது உன் சங்கத்தாருக்கும் தெரியட்டும்.

அன்புடன்,
உன் அப்பா